பாலத்திலேயே முடிந்த அவசரம்

ஆம்புலன்ஸின் உள்தரையை டிரைவர்தான் கழுவுவார். அதற்கென்று ஷெட்டில் ஓர் ஆள் உண்டு. ஆனால் அந்த ஆள் வாளித் தண்ணீரை வீசிவிட்டுப் போய்விடுவான், ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும் பள்ளத்தில் கறை அப்படியே நிற்கும் என்பது டிரைவரின் மனத்தாங்கல். தேய்ந்துபோன பல் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, குந்தி உட்கார்ந்து அந்தப் பள்ளத்தைத் தேய்ப்பார். அன்றும் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்து கதவைப் பிடித்தபடி நின்றார்.

“மூணாவது நோட்டீஸ் வந்திருக்குப்பா.”

டிரைவர் பிரஷை நிறுத்தவில்லை. “எந்த இடம்?”

“அதே இறக்கம்தான். பாலம் தாண்டி.”

அந்த இறக்கத்தைப் பற்றி ஊரில் பேசாத வாய் கிடையாது. அதுவரை நல்ல வேகத்தில் போகலாம் என்று விட்டுவிட்டு, சரியாக இறக்கம் தொடங்கும் இடத்தில் வேகத்தைப் பாதியாக்கியிருந்தார்கள். அதைச் சொல்லும் பலகையை ஒரு மரக்கிளை மறைத்திருக்கும். கிளையின் அந்தப் பக்கத்தில் கேமரா. தெரிந்தவர்கள் அங்கே மட்டும் பிரேக்கைப் போட்டுவிட்டு, தாண்டியதும் முன்னைவிட வேகமாகப் பறப்பார்கள். முடிவெட்டும் கடைக்காரர் ஒரே மாதத்தில் இரண்டு தடவை மாட்டியவர். “சைரன் வச்ச பெரியவங்க வண்டி பின்னாலயே வருது, அதைப் பிடிக்கல. என் ஓட்டை ஸ்கூட்டரைப் பிடிக்குது. கேமராவுக்கும் ஆள் பார்த்துப் பழகத் தெரியும்போல,” என்று வருகிற ஒவ்வொரு தலையிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிரைவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் அல்லர். ஆம்புலன்ஸுக்கு வருமுன் ரொட்டி வேன் ஓட்டினார். வளைவில் ரொட்டி நசுங்காமல் ஓட்டிப் பழகிய கை. வீட்டு ஸ்கூட்டரை அவர் ஓட்டும் அழகைப் பார்த்துத்தான் மனைவியின் தம்பி அவருக்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்தான். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி, “நான் இறங்கி நடக்கறேன், கடை மூடறதுக்குள்ள ஒருத்தராவது போய்ச் சேரணும்ல,” என்பாள். “யாரும் சாகக் கிடக்கலையே, எதுக்கு ஓடணும்?” என்பார் அவர்.

அன்று சாயங்காலம் நோட்டீஸைப் பார்த்ததும் மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். “மச்சான், உங்களுக்கா வேகத்துக்கு அபராதம்? ஃபிரேம் போட்டு மாட்டுங்க!”

“வாயை மூடுடா,” என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது நோட்டீஸ் உறுதியானால் மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது. “மூணு மாசம் அந்த சீட்டைக் காலியா வச்சுக்கிட்டு உங்களுக்காக உக்காந்திருப்பாங்களா? அடுத்த நாளே வேற ஆளைப் போட்டுடுவாங்க. முதல் ரெண்டும் நோயாளியோட போனப்ப வந்ததுதானே? அதை எதுக்குக் கட்டித் தொலைச்சீங்க?”

“மேனேஜர்தான் கட்டிடுன்னார். ஆஸ்பத்திரியில எழுதி வாங்கி, லீவு போட்டு, வரிசையில நின்னு… அதுக்குக் கட்டறதே மேல்னு தோணுச்சு.”

“தோணும், தோணும். இந்தத் தடவை வாயைத் திறந்து பேசுங்க.”

விசாரணைக்கு நர்ஸையும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்த ட்ரிப்பில் பின்னால் இருந்தது அவள்தான். மாற்றுக்கு ஆள் இல்லாததால் டியூட்டி வண்டியிலேயே வந்து, அதைக் கட்டடத்தின் வாசலில் நிறுத்திவிட்டு மாடி ஏறினார்கள். அறையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், கடகடவென்று ஓசையிடும் மின்விசிறி. அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார். டிரைவரின் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு பைலின் மேல் வைத்தார். திரையைத் திருப்பிக் காட்டினார். வண்டியின் சிவப்பு விளக்கு இழுத்துப் பூசியது போலத் தெரிந்தது.

“நோயாளி இருந்தார் சார்,” என்று தொடங்கினார் டிரைவர். “வயசானவர். மூச்சு விட முடியாம…”

“ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு. நான் இல்லைன்னு சொல்லல,” என்றார் அதிகாரி. “ஆனா அது உயிரைக் காப்பாத்தறதுக்கு. பாலத்து மேல வர்றப்பவே நாடி நின்னுடுச்சுன்னு உங்க நர்ஸே எழுதியிருக்காங்க. கேமரா பாலத்துக்கு அப்புறம்தான் இருக்கு. அவர் இறந்த பிறகு என்ன அவசரம்?”

டிரைவர் திரும்பி நர்ஸைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன பிறகுதான் உயிர் போயிற்று என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியாது சார். நடுவுல தடுப்பு இருக்கு. எனக்குத் தெரியறது ரோடு மட்டும்தான்.”

அதிகாரி நர்ஸிடம் கேட்டார். “நீங்க முயற்சி எதுவும் பண்ணலையா?”

“பண்ண வேண்டாம்னு அந்தப் பெரியவரே எழுதிக் குடுத்திருந்தார் சார். ரொம்ப நாளா முடியாதவர். மூச்சுத் திணறல் கொஞ்சம் அடங்கினா போதும்னுதான் கொண்டுபோனோம்.”

“சரி. டிரைவர்கிட்ட ஏன் சொல்லல?”

அவள் மடியிலிருந்த பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கினாள். “அவரோட சம்சாரம் பக்கத்துல இருந்தாங்க சார். அவர் கையைத் தடவிக்கிட்டே, அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு ஞாபகமே இல்லை, நீங்க பார்த்தீங்களான்னு கேட்டுட்டிருந்தாங்க. நான் அண்ணன்கிட்ட சொன்னா வண்டி மெதுவாயிடும். வண்டி மெதுவானா அவங்களுக்குத் தெரிஞ்சுடும். போய்ச் சேர்ற வரைக்குமாவது பேசிட்டு வரட்டும்னு விட்டுட்டேன்.”

டிரைவருக்கு அந்தக் குரல் ஞாபகம் வந்தது. அடுப்பு, பால் பாத்திரம், பூட்டின சாவி என்று பின்னால் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொல்லத் தெம்பில்லாமல் அந்த மனிதர் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதாக நினைத்துத்தான் அவர் இன்னும் கொஞ்சம் மிதித்தார்.

“ஏம்மா, எங்கிட்ட அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றார் தாழ்ந்த குரலில்.

“எப்படிண்ணே சொல்றது? அவ்வளவு வேகமா ஓட்டிட்டு வந்து, வேர்த்து ஊத்தி நின்னீங்க.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குப் புரியுது. நான் உங்க இடத்துல இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா முன்னாடி வந்த ரெண்டையும் நீங்க மறுப்பு சொல்லாம கட்டியிருக்கீங்க. கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி. இது மூணாவது. என் கையில ஒண்ணும் இல்லை.”

“என் கையிலயும் இல்லையே சார். அந்தக் கிளையை வெட்டுங்கன்னு எத்தனை பேர் எழுதிப் போட்டாச்சு? அது யார் கையில இருக்கு?”

“அது வேற டிபார்ட்மெண்ட்.” அதிகாரி முத்திரையைக் குத்தினார். லைசென்ஸை பைலுக்குள் வைத்து கிளிப் போட்டார். “மூணு மாசம் கழிச்சு வந்து வாங்கிக்குங்க.”

“எப்பலேர்ந்து கணக்கு சார்?”

“இப்பலேர்ந்துதான்.”

டிரைவர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“டியூட்டியில வந்திருக்கோம் சார். வண்டி கீழ வாசல்ல நிக்குது. தங்கச்சிக்கு ஓட்டத் தெரியாது. இப்ப ஒரு கேஸ் வந்தா அதை யாரு எடுக்கிறது?”

அதிகாரி சாவியைப் பார்த்தார். பிறகு பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, உள்கதவு வழியாக வெளியேறினார்.