பனச்சமூட்டில் ஒரு சால்வைக்காரர்

கேரள எல்லையில் இருக்கும் பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் சால்வை விற்க வந்த காஷ்மீர்க்காரரைக் கூட்டம் வளைத்து நிற்கிறது. மூட்டையில் வெடிகுண்டு இருப்பதாக யாரோ கிளப்பிவிட்டார்கள். அவர் ஒவ்வொரு சால்வையாக ரோட்டில் விரிக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கும் நானும் பயத்தில் பின்னால் நகர்கிறேன்.

“எலே, நீ இந்தியாவா, பாகிஸ்தானா?” ஆட்டோக்காரர் கேட்கிறார்.

சால்வைக்காரர் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொல்கிறார்: “ஊரில் பட்டாளமும் இதைத்தான் கேட்கும். துப்பாக்கி வைத்திருக்கிற பையன்களும் கேட்பார்கள். என்ன சொன்னாலும் அடிதான்.”

வெள்ளறடையிலிருந்து ஒரு ஜீப் வந்து பிரேக் போடுகிறது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சால்வைக்காரர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறார்.

ஆட்டோக்காரரின் குரல் தாழ்கிறது. “கைய இறக்குங்க. அது ஆளேத்துத வாடகை ஜீப்பாக்கும்.”

கைகள் இறங்கவில்லை.