அமெரிக்காவில் சிரிக்கிற வண்டி

சபேசன் அங்கிள் போய்விட்டார். முந்தாநாள் காலை, காபி கேட்டுவிட்டு, அது வருவதற்குள்.

குவார்ட்டர்ஸ் வாட்ஸ்அப் குரூப் முழுக்கக் கைகூப்புகிற படம்தான். நல்ல மனுஷன், வழிகாட்டி, எல்லாருக்கும் உதவுவார்... எனக்கும் உதவினார். அதனால்தான் குரூப்பில் போடாமல் இங்கே வந்து எழுதுகிறேன்.

தலைநகரத்தில், ஆர்.கே.புரம் அரசாங்க குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் முதன்முதலில் அமெரிக்கா போய் வந்தவர் அவர்தான். நியூஜெர்சியில் மகள் சுதா வீட்டில் ஆறு மாதம். திரும்பி வந்த பிறகு அந்த ஆறு மாதத்தை வைத்தே மிச்ச ஆயுளை ஓட்டினார்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கும்போதுகூட விடமாட்டார். "பையா, அமெரிக்கா மே ஐசா மால் கோயி நஹீ லேதா" என்பார்; அமெரிக்காவில் இந்த மாதிரிச் சரக்கை ஒருத்தரும் வாங்கமாட்டார்களாம். கடைக்காரர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் அடுத்த ஆளுக்குத் தேங்காய் எடுத்துக் கொடுப்பார்.

அப்போதுதான் என்னைப் பெண் பார்க்க முரளி வந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம், அந்தக் கொரியன் கார் கம்பெனியில் இன்ஜினியர்.

பேசச் சொல்லி எங்களைப் பால்கனிக்கு அனுப்பினார்கள். அவர் என் ஹாபி எல்லாம் கேட்கவில்லை. கார்க் கதவு சாத்தும்போது வருகிற சத்தத்தைப் பற்றியே பேசினார். தகர டப்பா மாதிரிச் சத்தம் வந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். "டப்"னு ஒரே சத்தமா வரணும்ங்க, அப்புறம் அமைதியாயிடணும் என்றார்.

எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். அப்பாவுக்கும் சம்மதம்தான்.

ஆனால் அப்பாவுக்கு ஒரு பழக்கம். எதற்கும் அமெரிக்கா பார்த்தவரை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். பாஸ்போர்ட்டே இல்லாத அரசாங்க கிளார்க், பாவம்.

அங்கிள் வந்தார். சோபாவில் சாய்ந்துகொண்டார். "அந்த கம்பெனியா சார்? அங்க அதைப் பாத்து சிரிக்கிறான் சார். டிவில ஒருத்தன் தெனம் அதை வெச்சே ஜோக் அடிக்கிறான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் ஒண்ணு வாங்கினான், துருப் பிடிச்சு வாசல்லயே நிக்கிது."

அப்பா, "இப்ப பத்து வருஷ வாரண்டி குடுக்கறாங்களாமே சார்..." என்று மெதுவாக இழுத்தார்.

"அச்சா, அதையே யோசிங்க. நல்ல மாப்பிள்ளைக்கு யாராவது வாரண்டி குடுப்பாங்களா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முரளி வீட்டுக்கு, ஜாதகம் சரியில்லை என்று போன் போனது.

அடுத்த மாதமே அங்கிள் ஒரு வரன் கொண்டுவந்தார். அவருடைய சொந்த அக்கா பையன், சேகர். அமெரிக்கன் கார் கம்பெனியில் வேலை. "கண்ண மூடிட்டுக் குடுங்க சார். அமெரிக்காக்காரன் கடைய மூட மாட்டான்."

மூடினான். இந்தியாவே வேண்டாம் என்று கிளம்பிப் போனான். சேகர் பெட்டியைக் கட்டிக்கொண்டு, என்னோடு, என் அப்பா ரிட்டையர் ஆகி வாங்கிய துவாரகா ஃபிளாட்டுக்கே வந்து சேர்ந்தார். கொரியாக்காரன் இன்னும் அங்கேயேதான் இருக்கிறான்... அமெரிக்காவிலும் வரிசையில் நின்று வாங்குகிறார்கள் என்று கேள்வி.

அங்கிள் துக்கம் விசாரிக்க வந்தார். "குளோபல் டிசிஷன்மா, நம்ம கையில என்ன இருக்கு" என்றார். இன்னொரு காபி கேட்டார். கொடுத்தேன்.

அந்தக் கம்பெனியின் கதையைப் பின்னால் நானே தேடிப் படித்தேன். முதலில் அங்கே மலிவு வண்டியோடு போய் இறங்கியதும் உண்மை, கண்டபடி ரிப்பேர் ஆனதும் உண்மை, ஜோக்கும் உண்மை. அதனால் அங்கிள் பொய் சொல்லவில்லை, பழைய ஜோக்கை நம்பி ஏமாந்திருக்கிறார், முட்டாள் மனுஷன் என்று மன்னித்து வைத்திருந்தேன்.

இன்று காலை வரை.

சுதாவை ஏர்போர்ட்டில் இருந்து கூட்டி வர நானும் சேகரும் போனோம். சேகர் கம்பெனியில் வாங்கிய எங்கள் வண்டிக்கு இப்போது பார்ட்ஸ் கிடைப்பதில்லை, அதனால் டாக்ஸி. வந்தது கொரியன் வண்டி.

சுதா ஏறி உட்கார்ந்து கண்ணைத் துடைத்தாள். சீட்டைத் தடவினாள். "எங்க வீட்லயும் இதே கம்பெனிதான்க்கா. இப்ப இருக்கறது மூணாவது. அப்பா செலக்ஷன்."

நான், "யாரு?" என்றேன்.

"அப்பாதான். எங்க வீட்டுக்காரர் வேற வண்டி பாத்திட்டு இருந்தார். அப்பா ஒத்தக் கால்ல நின்னாரு. ஜோக்கெல்லாம் பழசு மாப்ள, இப்ப வண்டி நல்லா இருக்கு, பத்து வருஷம் வாரண்டி குடுக்கறான், வேற என்ன வேணும்னாரு. கடைசி வரைக்கும் பெருமையா சொல்லிட்டே இருப்பார்."

"எப்போ இது?"

"அந்த ஆறு மாசம் வந்திருந்தாரே, அப்பதான்."

முன் சீட்டில் இருந்த சேகர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். டாக்ஸி துவாரகா வந்து நின்றது.

எனக்கு அழுகை வரவில்லை அங்கிள். கோபம்தான் வருகிறது. நீங்கள் முட்டாளாகவே செத்திருக்கலாம்.

இறங்கிக் கதவைச் சாத்தினேன். டப் என்று ஒரே சத்தம். அப்புறம் அமைதி.

மூன்று மணிக்கு லோதி ரோடு சுடுகாடு. உங்களுக்கு ஆண் பிள்ளை இல்லை, அதனால் கொள்ளி சேகர்தான் வைக்கிறார். நானும் வருகிறேன்... நன்றாக எரிகிறீர்களா என்று பார்க்க.

போய் வாருங்கள் அங்கிள்.