பூசைக் கருத்தில் அப்பாவின் பெயர்

இரண்டரை வருடத்துக்கு முன், மழைக்காலம் தொடங்கும் நேரத்தில், திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னை நிறுவனம் ஒன்றுக்காக மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலையை வீட்டிலிருந்தே செய்துகொண்டிருந்தேன். கழுத்தின் இடது பக்கம் ஒரு கட்டி வந்தது. வலி இல்லையே என்று இரண்டு மாதம் சும்மா விட்டுவிட்டேன். பிறகு விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையில் சதை எடுத்துப் பார்த்தார்கள். நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் என்று தெரிந்தது. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, பதினைந்து நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை கீமோ கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அம்மா அழுதார். அப்பா, "சனிக்கெழமையில வெச்சிக்கலாங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்பா ஒரு தனியார் பள்ளியின் வேன் டிரைவர். எங்கள் தெருப் பிள்ளைகளையும் கிளியனூர்ப் பக்கத்துப் பிள்ளைகளையும் காலையில் ஏற்றிவந்து, மாலையில் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். பதினோரு வருடமாக அதே வேன், அதே வழி. சனிக்கிழமை என்றால் பள்ளிக்கு லீவு போட வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். எந்த மாத்திரை எப்போது, எத்தனை டிகிரி காய்ச்சலுக்கு மேல் போனால் மருத்துவமனைக்கு ஃபோன் செய்ய வேண்டும், எந்தப் பழத்தைத் தோல் சீவித்தான் தர வேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அதன் முதல் வரி: யாரிடமும் சொல்லக் கூடாது. எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்தப் பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், குணமான பிறகும் கூடவே வரும் என்று பயந்தேன். அந்தப் பயம் தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் நடந்துகொண்ட விதம்தான் தவறு.

அப்பா அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"கோயில்ல கூடவா?"

"கோயில்லதாம்பா முக்கியமா. அங்க ஒருத்தருக்குத் தெரிஞ்சா திண்டிவனத்துக்கே தெரிஞ்ச மாதிரி."

நாங்கள் கத்தோலிக்கர்கள். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், கோயிலின் பங்கு அலுவலகத்தில் அவர் பெயரை எழுதிப் பூசைக் கருத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்குவதற்கு முன், இன்னார் உடல்நலம் பெற இந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று மைக்கில் வாசிப்பார்கள். கோயிலில் இருக்கிற எல்லோரும் அவருக்காக வேண்டிக்கொள்வார்கள். அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு நம்பிக்கை.

"நான் ஒருத்தன் கேக்கறது வேற. அத்தன பேரு ஒண்ணா சேந்து கேக்கறது வேறம்மா" என்றார்.

"வேணாம்பா. என் பேரு வரக் கூடாது."

அவர் சரி என்று தலையாட்டினார். நான் பட்டியலில் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டேன்.

கீமோ தொடங்கியது. சனிக்கிழமை விடியற்காலையில் விழுப்புரம் பஸ் பிடிப்போம். நான் ஜன்னல் ஓரம், அப்பா பக்கத்தில், அவர் மடியில் அம்மா கட்டிக்கொடுத்த கஞ்சித் தூக்கு. ரத்தம் எடுத்துப் பார்த்து, வெள்ளை அணுக்கள் போதுமான அளவு இருந்தால்தான் மருந்து ஏற்றுவார்கள். அதில் ஒன்று சிவப்பாக இருக்கும். இன்னொன்றை வெளிச்சம் படாமல் கறுப்பு உறை போட்டுத் தொங்கவிடுவார்கள். அது உள்ளே போகும்போது கை முழுக்க எரியும். அப்பா அந்தக் கையைத் தொடாமல், கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்வார். ஒரு பாட்டில் ஏறி முடிவதற்குள் மாலையின் ஐம்பத்து மூன்று மணியையும் உருட்டிவிடுவார். அங்கிருந்த நர்ஸ் அக்கா ஒருநாள், "ஐயா, நீங்க என்னதான் ஜல்தியா சொன்னாலும் ட்ரிப்ஸ் அது வேகத்துலதான் ஏறும். மெதுவா சொல்லுங்க" என்றார். அப்பா, "நான் அவசரப்படுத்தறது பாட்டில இல்லங்க" என்று சொல்லி மேலே கையைக் காட்டினார். அந்த எரிச்சலிலும் நான் சிரித்தேன்.

கீமோ முடிந்து மூன்று நாள் தலை தூக்க முடியாது. வாயில் எது வைத்தாலும் இரும்பு நக்கிய மாதிரி இருக்கும். அம்மா கேப்பைக் கூழை நீர்க்கக் கரைத்து, அரை மணிக்கு ஒரு முறை கட்டில் பக்கத்தில் வந்து நிற்பார். "ரெண்டு வாய் குடிச்சிட்டுத் திட்டு" என்பார். நான் திட்டிவிட்டுக் குடிப்பேன். நான்காவது நாள் லேப்டாப்பைத் திறந்துவிடுவேன். அலுவலகத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முடி முழுக்கக் கொட்டவில்லை, மெலிந்ததோடு நின்றது. வாசலுக்குப் போனால் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்வேன். தொற்று வந்துவிடும் என்று டாக்டர் சொன்னதால் ஞாயிறு பூசைக்கு நான் போவதில்லை, துணைக்கு அம்மாவும் வீட்டிலேயே இருந்துவிடுவார்.

அரையாண்டு விடுமுறையில் அப்பா இரண்டு நாள் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு மொட்டையோடு திரும்பினார். எனக்காக மாதாவிடம் வேண்டிக்கொண்டு முடி கொடுத்திருந்தார். அம்மா கதவைத் திறந்துவிட்டு, "யாருங்க வேணும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே திரும்பிச் சிரித்ததில் எனக்கும் தொற்றிக்கொண்டது. வெகு நாளைக்குப் பிறகு வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஜனவரியில், ஆறாவது கீமோ முடிந்த வாரம், எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்தார். அன்பியம் என்றால் பங்கில் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து செபிக்கும் குழு. அவர் மகன் அப்பாவின் வேனில்தான் பள்ளிக்குப் போய்வந்தான். கையில் ஆரஞ்சுப் பழப் பை. அம்மா கடைக்குப் போயிருந்தார். முகக் கவசம் போட்டுக்கொண்டு நான்தான் கதவைத் திறந்தேன்.

உட்கார்ந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்பா எப்பிடிம்மா இருக்காரு? ஞாயித்துக்கெழம தவறாம அவரு பேரு வாசிக்கறாங்க. மொட்டத் தலையோட பாக்கவே மனசு ஆறல. விழுப்புரத்துக்குப் போய் கீமோ குடுத்துக்கினு வர்றாராமே. ஒரு வார்த்த யாருகிட்டயும் சொல்லாம வண்டி ஓட்டிக்கினு இருக்காரு பாரேன்."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. அப்பா பூசைக் கருத்துக் கொடுத்திருக்கிறார். என் பெயர் வேண்டாம் என்று நான் சொன்னதால் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார். கோயிலில் கேட்ட பெயர், மொட்டை, மாதம் இரண்டு தடவை விழுப்புரம் பஸ் என்று மூன்றையும் சேர்த்து ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். 'அப்பாவுக்கு இல்லக்கா, எனக்கு.' அவ்வளவுதான். மூன்று சொல்.

"பரவால்லைங்க்கா" என்றேன்.

"இந்த ஊசி போட்டா ரொம்ப முடியாமப் பூடும்னு சொல்றாங்களே?"

அவர் எதற்காகக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. எதைக் கேட்டாலும் சரியாகப் பதில் சொல்லிப் பழகியவள் நான். "மூணு நாளைக்குத் தல சுத்தும், கண்ணு இருட்டும். நாலாவது நாள் செரியாயிடும்க்கா" என்றேன். பொய் சொன்ன மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. சொன்னதெல்லாம் உண்மை, ஆள் மட்டும் வேறு. அவர் தலையாட்டினார். போகும்போது வாசலில் நின்று எனக்கு நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "அப்பாவ நல்லாப் பாத்துக்கம்மா" என்றார்.

மாலையில் அப்பா வந்ததும் கேட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார்.

"ஆபீஸ்ல யாரு பேருக்குன்னு கேட்டாங்கம்மா. ஒம் பேரு வேணான்னுட்ட. ஒங்கம்மா பேரக் குடுத்தா அவ சண்டைக்கு வருவா. எம் பேர எழுதிக்கோங்கன்னுட்டேன். யாருக்குன்னு ஆண்டவருக்குத் தெரியாதா?"

"ஊர்ல எல்லாம் உங்களுக்குன்னு நெனைக்கறாங்கப்பா."

"நெனைச்சிட்டுப் போவட்டும். வேண்டிக்கினா செரி."

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கப்படாமல் அதை இங்கே எழுத வேண்டும். இனி விழுப்புரம் போக வரக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, வீட்டில் கஞ்சி வாசனை ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் அன்று இரவு நினைத்தேன்.

ஏழாவது கீமோவுக்கு அடுத்த வாரம் அப்பா காலையில் கிளம்பவில்லை. பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "லீவு போட்டுட்டேன். பரீட்ச முடியற வரைக்கும் வேற ஆளு ஓட்டுவாரு. உன்னப் பாத்துக்கினு இருக்கேன்" என்றார். நான் நம்பினேன். அன்று மத்தியானம் அம்மாதான் கூழ்க் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னார்.

"லீவாம் லீவு. சீக்குக்காரரு புள்ளைங்கள ஏத்திக்கினு போவக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்கடி. எனக்கு இல்ல, எம் பொண்ணுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிது. வாயத் தொறக்கலயே அந்த மனுஷன்."

"ஏய், சும்மா இரு. அவ சாப்புடட்டும்" என்று முன் அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

நான் பள்ளிக்கு ஃபோன் செய்வதாகச் சொன்னேன். என்ன பேசுவது என்று படுத்தபடியே ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். வணக்கம், இன்னாரின் மகள் பேசுகிறேன், அப்பா நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார். அடுத்த வரி, நோய் எனக்கு. அதை எழுதினேன். ஃபோனை எடுக்கவில்லை. அப்பா உள்ளே வந்து அந்தத் தாளைப் பார்த்தார். "உன் வியாதிய ஊருக்குச் சொல்லித்தான் நான் வண்டி ஓட்டணுமா? அந்தப் பொழப்பே வேணாம். நீ எழுந்து நடமாடு மொதல்ல. ஜூன்ல ஸ்கூல் தொறக்கறப்போ பாத்துக்கலாம்" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் செய்யவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லட்டும் என்றுதான் நான் காத்திருந்தேன் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதற்குப் பிறகு ஐந்து கீமோ போட்டுக்கொண்டேன். இடையில் எத்தனையோ பகல் பொழுதுகள் தெம்பாகவே இருந்தேன். ஒரு நாளும் அந்த ஃபோனைச் செய்யவில்லை.

மே மாதக் கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எங்கும் இல்லை. அம்மா ரிப்போர்ட்டை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். அடுத்த திங்கட்கிழமை நான் என் மருத்துவ ஃபைலை எடுத்துக்கொண்டு தனியாக அந்தப் பள்ளிக்குப் போனேன். மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஃபைலில் என் பெயரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். கோபப்படவில்லை.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா. இப்ப வேற டிரைவர் போட்டாச்சு. அவரும் புள்ளகுட்டிக்காரரு. பேரண்ட்ஸ்கிட்ட நான் இனிமே என்னன்னு சொல்வேன்? அவருக்கு இல்ல, பொண்ணுக்குன்னா, அப்ப கோயில்ல ஏன் அவர் பேர வாசிச்சாங்கம்பாங்க."

ஃபைலை என் பக்கம் நகர்த்திவிட்டு அவரே தொடர்ந்தார்.

"நாங்களும் சும்மா பேச்சக் கேட்டுக்கினு நிறுத்தல. உங்க தெருவுல ஒரு அம்மா நேரா வீட்டுக்கே வந்து விசாரிச்சாங்களாம். ஊசி போட்டா மூணு நாளைக்குத் தல சுத்தும், கண்ணு இருட்டும்னு வீட்லயே சொன்னாங்களாம். சனிக்கெழம ஊசி போட்டுக்கினு திங்கக்கெழம இருபது புள்ளைங்கள ஏத்தினா, எந்தத் தாய்க்கு மனசு கேக்கும்? சொல்லும்மா."

ஃபைலை மூடிக்கொண்டு எழுந்தேன். அந்த அக்கா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். பஸ் ஏறாமல் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

அப்பா முற்றத்தில் சட்டையைத் துவைத்து உதறிக்கொண்டிருந்தார். அப்போது நிலக்கடலை வாங்கி விற்கும் ஒரு மல்லாட்டை மண்டியில் மினி லாரி ஓட்டச் சேர்ந்திருந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார். மூட்டைகளோடு தனியாகப் போய் வருகிற வேலை. பள்ளிக்குப் போனதையும் மேனேஜர் சொன்னதையும் சொன்னேன். "உங்க வேல போனது என்னாலதாம்பா. அந்த அக்காகிட்ட நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் சட்டையைக் கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டி முடித்தார்.

"தெரியும்மா. அன்னிக்கே மேனேஜர் சொன்னாரு."

"தெரிஞ்சுமா என்கிட்ட கேக்கல?"

"அன்னிக்கு உனக்கு ஏழாவது ஊசி போட்டு ரெண்டு நாளு. எழுந்து உக்காரவே முடியல. அப்பப் போயி ஒன்ன என்னன்னு கேக்கறது?" என்று சொல்லிவிட்டு, அடுத்த சட்டையைப் பிழிய வாளிப் பக்கம் குனிந்துகொண்டார்.

நான் குணமாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது. மருந்து காப்பாற்றியது என்று டாக்டரும் மாதா காப்பாற்றினார் என்று அம்மாவும் சொல்கிறார்கள், இரண்டையும் நான் நம்புகிறேன். ஆனால் அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் இரண்டு பேர் வாயைத் திறக்காமல் இருந்தோம். அப்பா பேசாமல் இருந்ததும் என்னைக் காப்பாற்றத்தான், நான் பேசாமல் இருந்ததும் என்னைக் காப்பாற்றத்தான் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.