எல்லாப் பெட்டிகளுக்கும் பதில் சொன்ன ஆரோக்கியமேரி அக்கா

பொதுச்சூளை வட்டாரத்து மக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு. சூளை அலுவலகத்தின் ஒரே கணினிக்கு முன்னால் கிடக்கும் நீல நாற்காலியின்மேல் ஏறக்குறைய ஓர் ஆண்டாகப் பதவி வகித்த இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரிகள், சென்ற திங்கட்கிழமை காலை தங்கள் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, அலமாரியின் அடித்தட்டில் ஓய்வெடுக்க அனுப்பப்பட்டன. இதனால் நாற்காலியின் உயரம் நான்கு விரற்கடை குறைந்துள்ளது.

சிரிக்காதீர்கள். எனக்குச் செய்தி வந்ததே அப்படித்தான். அன்று லீவு. புதுக் குறும்பு ஒன்றைப் பிளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். யாரோ ஒரு புது ஆள் நாற்காலியிலிருந்து டைரக்டரிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். "யாருங்க அதை எடுக்கச் சொன்னது? அக்கா வந்தா திட்டுவாங்க" என்றேன். கலியமூர்த்தி மேஸ்திரி என் தோளில் கை வைத்தார். "அக்கா வரமாட்டாங்கடா பிரபு. நேத்து காலைல கோயிலுக்குக் கெளம்புனவங்க, வூட்டு வாசல்லயே நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

அக்காவை அறியாதவர் இங்கே யாரும் இருக்க முடியாது. இருந்தாலும், வெளியூரிலிருந்து படத்திறப்புக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்தில் பீங்கான் செய்யும் சின்ன யூனிட்டுகளுக்குச் சொந்தச் சூளை கிடையாது. எல்லோரும் பொதுச்சூளைக்குத்தான் சரக்கைக் கொண்டுவர வேண்டும். யாருடைய சரக்கு, எந்தத் தள்ளுவண்டியில், எத்தனையாவதாக உள்ளே போகும் என்று பதிவது ஆரோக்கியமேரி அக்காவின் வேலை. காலை பஸ்ஸில் கம்மாபுரத்திலிருந்து வருவார். டைரக்டரிகள் இல்லாவிட்டால் மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு அவருடைய வகிடு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பதிவு நிரலை ஜாவாவில் எழுதியவன் அடியேன். பிளஸ் ஒன் முடித்த லீவில், ஜங்ஷன் ரோட்டுக் கம்ப்யூட்டர் சென்டரில் கற்றுக்கொண்டு எழுதினேன். அதில் எனக்குப் பைத்தியமே பிடிக்க வைத்தது மெசேஜ் பாக்ஸ்தான். ஒரே ஒரு வரி! என்ன சொல்ல வேண்டும், தலைப்பு என்ன, எந்தப் படம், எத்தனை பொத்தான் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், திரைக்கு நட்டநடுவில் ஒரு பெட்டி வந்து குதிக்கும். பொத்தானை அழுத்துகிறவரை பின்னால் இருக்கும் எதையும் தொட முடியாது. வகுப்பில் நான் வாயைத் திறந்தால் கடைசி பெஞ்சுகூடத் திரும்பாது. என் பெட்டி வாயைத் திறந்தால் மேஸ்திரியே நின்றாக வேண்டும். சொல்லுங்கள், பதினேழு வயதில் ஒருவனுக்கு வேறென்ன அதிகாரம் வேண்டும்?

அந்தக் கணினியில் தமிழ் எழுத்து வராது. அதனால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். முதல் நாள் முதல் பெட்டி, 'வணக்கம்' என்றது. அக்கா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "வணக்கம் தம்பி" என்று பெட்டிக்குப் பதில் சொன்ன பிறகுதான் ஓகே பொத்தானை அழுத்தினார். அறையே சிரித்தது.

"என்னாக்கா, பொட்டிக்குக் காது கேக்குமா?" என்றார் மேஸ்திரி.

"கேக்குதோ இல்லையோ, அது மரியாதையாத்தான சொல்லுச்சு."

அன்றிலிருந்து நான் அடங்கவில்லை. 'கணினிக்குக் காய்ச்சல். கஷாயம் கொடுக்கவும்' என்று ஒரு பெட்டி. 'மேஸ்திரியின் மீசையை அழிக்கலாமா?' என்று ஒரு பெட்டி. அதற்கு இரண்டு பொத்தான், இரண்டிலும் 'ஆமாம்'. மேஸ்திரி எதையும் படிக்காமல் எண்டர் தட்டித் தள்ளுவார். தன் மீசையை அழிக்கத் தானே பதினைந்து முறை சம்மதம் கொடுத்திருக்கிறார், பாவம். மற்றவர்களும் அப்படித்தான். பெட்டி வந்ததும் கை தானாக எண்டருக்குப் போய்விடும்.

அக்கா மட்டும் ஒவ்வொன்றையும் உரக்கப் படிப்பார். ஒருநாள் 'நிச்சயமாகவா?' என்று ஆறு முறை கேட்கும்படி வைத்திருந்தேன். ஆறு முறையும் "நிச்சயமாத்தான்" என்று சொல்லிச் சொல்லி அழுத்தினார். மறுநாள் டீ வந்தபோது எல்லோருக்கும் கிளாஸ் இருந்தது, எனக்கு மட்டும் ஒரு துண்டுச்சீட்டு. அதில் பென்சிலால் ஒரு பெட்டி, பெட்டிக்குள் என் எச்சரிக்கைப் பெட்டிகளில் வரும் அதே மஞ்சள் முக்கோணம், 'இந்தத் தம்பிக்கு டீ குடுக்கலாமா?' என்று கேள்வி, கீழே இரண்டு பொத்தான். 'இல்லை'யில் டிக். முக்கோணத்துக்கு மஞ்சள்தூள் பூசியிருந்தார் என்பதைச் சரித்திரம் குறித்துக்கொள்ளட்டும்.

"ஏங்க்கா எல்லாத்தையும் படிக்கிறீங்க? எல்லாம் சும்மா விளையாட்டுக்குன்னு உங்களுக்கே தெரியும்ல?" என்று கேட்டேன்.

"எங்க அப்பா படிக்காமக் கையெழுத்துப் போட்டவருடா. அதோட எங்க வூட்டுல அந்தப் பழக்கத்த நிறுத்திக்கிட்டோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்தான் அடுத்த கேள்வி கேட்கவில்லை.

போன நவராத்திரிக்கு முன்னால் நடந்ததுதான் உங்களுக்கெல்லாம் தெரிந்த கதை. என் அம்மா கனகாவும் மூன்று பெண்களும் நடத்துவது பொம்மை யூனிட். வருஷம் பூராவும் செய்வது அந்த ஒரு கொலு சரக்குக்காக. அச்சில் வார்த்த பொம்மை பத்து நாளாவது காய வேண்டும். உள்ளே ஈரத்தோடு சூளைக்குள் போனால் ஈரம் ஆவியாகிப் பொம்மை வெடிக்கும். அது மட்டும் வெடிக்காது, அதே வண்டியில் பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். அந்த வாரம் முழுக்க மழை. லாரி சனிக்கிழமை வருகிறது. அம்மா ஆறாவது நாளே சரக்கோடு வந்து நின்றார்.

அக்கா பொம்மை வார்த்த தேதியை அடித்தார். பத்து நாள் ஆகாததால் என் பெட்டி குதித்தது. மஞ்சள் முக்கோணம். 'ஈரம் இருக்கும். ஏற்றலாமா?' ஆமாம், இல்லை.

அக்கா உரக்கப் படித்தார். மேஸ்திரி சலித்துக்கொண்டார். "அட, எண்டர் தட்டுங்கக்கா. அந்தப் பொட்டி டெய்லி எதாச்சும் ஒளறிக்கிட்டுத்தான் இருக்குது. நேத்து என் மீசைய கேட்டுச்சு."

"இது மீசை இல்ல மேஸ்திரி. ஈரம்னு போட்டிருக்குது."

அம்மா பொம்மை ஒன்றை நீட்டினார். "தொட்டுப் பாரு மேரி. காஞ்சுதான் இருக்குது. லாரிக்காரன் நிக்கமாட்டான். இது போச்சுன்னா இந்த வருஷமே போச்சு."

"மேல காஞ்சிருக்குது கனகா. உள்ள?"

"உள்ள நீ போயிப் பாத்தியா?"

அக்கா அந்தப் பொம்மையை வாங்கி, மேசை விளிம்பில் ஒரே தட்டு. செட்டியார் பொம்மை இரண்டாகப் பிளந்தது. உள்ளே மண் கறுப்பாக, நேற்று பிசைந்ததுபோல இருந்தது. அக்கா 'இல்லை'யை அழுத்தினார். அம்மா அடுத்த நான்கு நாளும் அக்காவோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பொம்மைகள் சூளைக்குள் போயின. வெளியே வந்தபோது ஒன்றில்கூடக் கீறல் இல்லை. திட்டிக்கொண்டே போன லாரிக்காரரும் ஒரு நடை தாமதமாக வந்து ஏற்றிக்கொண்டார். அம்மா அன்று அக்காவுக்கு ஒரு புதுச் செட்டியாரும் மனைவியும் கொடுத்தார். "ஒண்ண ஒடச்சதுக்கு ரெண்டா?" என்று அக்கா சிரித்தார்.

அதன் பிறகு நான் என்ன ஆட்டம் ஆடினேன் என்பது இந்த ஊருக்கே தெரியும். என் நிரல் அம்மாவின் பொம்மைகளைக் காப்பாற்றிய கதையை வகுப்பில் சொன்னேன், கம்ப்யூட்டர் சென்டரில் சொன்னேன், ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸின் கண்டக்டரிடம் சில்லறை வாங்கும்போதும் சொன்னேன். 'ஒரு வரி எழுதினேன், ஒரு வருஷம் தப்பித்தது' என்று வசனம் வேறு.

அக்காவின் நினைவாக என்னிடம் ஒரு காகிதம் இருக்கிறது. அம்மா ஈரச் சரக்கோடு வந்த அன்றைய சூளைப் பட்டியல். ஓரத்தில் துளை போட்ட பிரிண்டர் தாள். அதில் ஏழாவது வரியின் மேல் பென்சிலால் அழுத்தமாக ஒரு கோடு. அந்த ஏழாவது வரியில் இருப்பது என் அம்மாவின் பெயர்.

ஆமாம், 'இல்லை'யை அழுத்திய பிறகும் அம்மாவின் பெயர் பட்டியலில் அச்சாகி வந்தது. பெட்டியைப் போடத் தெரிந்த எனக்கு, அழுத்தியது எந்தப் பொத்தான் என்று அது திருப்பித் தரும் பதிலை வாங்கத் தெரியவில்லை. வாங்க வேண்டும் என்பதே தெரியாது. ஆமாம் என்றாலும் ஏற்றும், இல்லை என்றாலும் ஏற்றும், பெட்டியை மூடினாலும் ஏற்றும். வண்டி தள்ளுகிறவர்கள் பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான். நல்லவேளையாக, அக்கா அதையும் படித்தார். பென்சிலை எடுத்துக் கோடு போட்டு, நேராகச் சூளைக்குப் போய், அம்மாவின் சரக்கு ஏறாதபடி ஏழாவது வண்டிக்கு முன்னால் தானே நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் தாளை என் கையில் கொடுத்து, "தம்பி, நான் இல்லன்னுதான் அமுக்குனேன். இங்க வந்திருக்குது பாரு. மொதல்ல இத சரி பண்ணு, அப்புறமா பீத்திக்கோ" என்று மட்டும் சொன்னார். சரிசெய்ய எனக்கு இரண்டு நாள் ஆனது. பீற்றிக்கொள்ள இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மா, இதைப் படிக்கும்போது நான் டியூஷனில் இருப்பேன். வந்ததும் திட்டலாம். ஒன்றே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தக் கதையை அளந்தபோது இரண்டு முறை அக்கா பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தது நீங்கள். நான் வசனத்தைப் பாதியில் விழுங்கினேன். அக்கா என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார். "ஆமா கனகா. தம்பியோட பொட்டிதான் மொதல்ல சொல்லுச்சு."