பாரமானதைத்தான் எடுத்தேன்

அக்கராயனிலிருந்து பூவரசங்குளத்துக்குக் காரில் இரண்டு மணித்தியாலம். மெஷின் இல்லாமல் என் மனைவியால் இருக்கக்கூடியது கால் மணித்தியாலம். அந்தக் கிழமை முழுவதும் நான் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அலைந்தேன்.

மெஷின் என்பது காற்றை உறிஞ்சி ஒட்சிசனைப் பிரித்துத் தருகிற முழங்கால் உயரப் பெட்டி. வீட்டுக் கரண்டில்தான் ஓடும். அவளுடைய சுவாசப்பை பழுதாகி இரண்டு வருடம். அன்று முதல் கட்டிலடியில் இருந்து அது அவளுக்காக இரைந்துகொண்டே இருக்கிறது. அது நிற்கும்போது வீடு அமைதியாகும். அந்த அமைதி எனக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை பூவரசங்குளத்தில் அவளுடைய அண்ணன் மகளுக்குக் கலியாணம். தாயில்லாத பிள்ளை, எங்கள் வீட்டில் வளர்ந்தவள். "மாமி வந்து உடுத்திவிட்டால்தான் கூறை உடுப்பன்" என்று பிடிவாதமாக நின்றாள். ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று இரவல் கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, கார் பற்றறியில இருந்து வீட்டுக் கரண்ட் எடுக்கலாமாம். இன்வெர்ட்டர் எண்டு ஒண்டு இருக்காம். போனில பாத்தனான்" என்றாள் மனைவி, மூக்குக் குழாயைச் சரிசெய்தபடி. அவள் கண்களில் அத்தனை வெளிச்சத்தை நான் கண்டு கனகாலம்.

சனிக்கிழமை காலை கிளிநொச்சியில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் முல்லைத்தீவு முஸ்லிம். இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து கடை போட்டவர். எல்லோரும் அவரை 'நானா' என்று அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள்.

"என்னத்த ஓட்டப் போறீங்க அண்ண?"

சொன்னேன். முகத்திலிருந்த சிரிப்பை அவர் மெல்ல மடித்து வைத்தார்.

"அப்ப சிகரெட் லைட்டர் ஓட்டையில குத்துறது சரிவராது. அது போன் சார்ஜுக்குத்தான். பற்றறியில இருந்து நேர தடிச்ச வயர் இழுக்கோணும்." இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். "இது வீட்டுக் கரண்ட் மாதிரியே அலையா வரும். மற்றது வெட்டி வெட்டி வரும். பல்ப், ஃபானுக்குக் காணும். உங்கட மெஷினுக்கு நான் சொல்லமாட்டன்."

அவர் நல்லதென்று சொன்னதைத் தூக்கினேன். வெறும் பிஸ்கற் ரின் போல இருந்தது. மற்றதைத் தூக்கினேன். மணிக்கட்டு இறங்கியது.

யுத்தத்தால் கரண்ட் இல்லாத வருடங்களில் நாங்கள் எதையும் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினோம். பற்றறி, ரேடியோ, டைனமோ எல்லாவற்றையும். உள்ளே செம்பு இருந்தால் கை சொல்லும், ஈயம் இருந்தால் கை சொல்லும். பாரமில்லாதது ஏமாற்று. வாசிக்க ஒரு பேப்பரும் வராத காலத்தில் என் கை படித்த படிப்பு அது. அதை நான் இன்னும் மறக்கவில்லை, மறந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"அண்ண, தேங்காயா வாங்குறீங்க, தூக்கித் தூக்கிப் பாக்க?"

"நானா, பாரமில்லாத சாமானை நம்பி நான் அவவ ஏத்தமாட்டன்."

"வன்னி ஆக்களுக்குக் கையிலயே தராசக் கட்டி விட்டிருக்கு" என்று தலையை ஆட்டினார். "நான் சொல்லவேண்டியதச் சொல்லிட்டன்."

பாரமானதைத்தான் எடுத்தேன்.

பின்னேரம் முற்றத்தில் கார் பற்றறியில் தடித்த வயரால் இன்வெர்ட்டரைத் தொடுத்து, எஞ்சினை உறுமவிட்டு, முதலில் மேசை ஃபானை மாட்டினேன். ஒரு இரைச்சலோடு சுற்றியது. "பாத்தீரே?" என்றேன். பின்சீற்றில் வந்து ஏறியிருந்த மனைவி சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினாள். பிறகு மெஷினை மாட்டினேன். அது ஒருமுறை முனகியது, நடுங்கியது, சிவப்பு லைற்றைப் போட்டுக்கொண்டு கத்தத் தொடங்கியது. கழற்றி மாட்டினேன். கத்தியது. எஞ்சினை இன்னும் உறுமவிட்டேன். கத்தியது. மூன்றாம் முறை மாட்டும்போது நான் மெஷினைப் பார்க்கவில்லை, அவளுடைய உதட்டைப் பார்த்தேன். நாவற்பழம் தின்றது போல.

"காணும். வீட்டுக்குள்ள... கொண்டு போங்கோ."

மூச்சு அவளுக்குத் திரும்பியதும் நான் திரும்பக் கடைக்கு ஓடினேன். பாரமில்லாதது விற்றுப்போயிருந்தது; ஸ்கந்தபுரத்தில் பாட்டுப்பெட்டி வாடகைக்கு விடுகிற ஒருவர் மத்தியானம் வாங்கிப் போனாராம். நானா வவுனியாவில் மூன்று கடைகளுக்குப் போன் எடுத்தார். மூன்றிலும் ஒரே பதில்: செவ்வாய்க்கிழமை. நான் கொண்டுபோனதைப் பேசாமல் திருப்பி வாங்கிக்கொண்டார். "அப்பவே சொன்னனே" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கோபப்படவாவது ஒரு இடம் கிடைத்திருக்கும். அவர் எனக்குத் தேத்தண்ணி சொன்னார்.

"நீங்கள் விடிய வெளிக்கிடுங்கோ. பக்கத்து வீட்டு அக்கா என்னோட இருப்பா" என்றாள் மனைவி. "பிள்ளைக்குப் போனில சொல்லாதேங்கோ. அழுது முகம் வீங்கிப்போகும். நேர போய் ஆறுதலாச் சொல்லுங்கோ."

எப்படி ஆறுதலாகச் சொல்வது? மாங்குளம் வரை ஒரு வசனம் வைத்திருந்தேன். ஓமந்தையில் அது பொய்யாகத் தெரிந்தது. வவுனியாவில் திரும்பி மன்னார் வீதியில் ஏறியபோது என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

கேற்றில் வாழை கட்டியிருந்தது. காரைக் கண்டதும் பிள்ளை ஓடி வந்தாள். தலை நிறையப் பூ, காலில் செருப்பில்லை. என்னைப் பார்க்கவேயில்லை. "மாமி!" என்று பின்கதவைத் திறந்து குனிந்தாள்.

மனைவி சாய்ந்திருப்பதற்கென்று நேற்று நான் வைத்த தலையணை மட்டும் அங்கே கிடந்தது. பிள்ளை குனிந்தபடியே நின்றாள்.

நான் இன்னும் எஞ்சினை நிற்பாட்டவில்லை.