மாரப்பன் ஒப்பாரி

நான் மொரப்பூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தால் காலாவதித் தேதியைப் பார்க்காமல் யாருக்கும் கொடுத்ததில்லை, வரலாற்றையும் அப்படித்தான் படிப்பேன், தேதி இல்லாத எதையும் நம்ப மாட்டேன். பேய், ஆவி, கனவில் வந்து சொன்ன சாமி என்று யாராவது ஆரம்பித்தால் எந்த நாள், எந்த நேரம், கூட யார் இருந்தார்கள் என்று கேட்டே வாயை அடைத்துவிடுவேன். இப்போது நீங்கள் என்னிடம் அதையே கேட்பீர்கள். நேரம் மத்தியானம். கூட யாரும் இல்லை. அதுதான் சிக்கலே.

கம்பைநல்லூர் பக்கத்தில் மாரப்பன் என்று ஒரு விவசாயி இருந்திருக்கிறார். அந்தக் காலத்தில் கேழ்வரகை வாசலிலேயே ஆழமாகக் குழி வெட்டி, வைக்கோல் பரப்பி, மண் போட்டு மூடிவைப்பார்கள். ஒரு பஞ்சத்தில் மாரப்பன் தன் குழியை ஊருக்குத் திறந்துவிட்டார். நாள்பட்ட குழியைத் திறந்தால் உள்ளே அடைந்த கெட்ட காற்று வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும், ஆனால் பசியோடு நின்றவர்களைப் பார்த்துவிட்டு அவர் உடனே இறங்கினார், ஏறி வரவில்லை. இன்றைக்கு அந்தக் குழி எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பஞ்சம் என்றும் தெரியாது. நான் அவரைப் பற்றிச் சிறு நூல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் வழியில் வந்தவர் கோவிந்தன், டிராக்டர் ஓட்டுகிறவர், சர்க்கரை மாத்திரைக்கு என் கடைக்குத்தான் வருவார். சித்திரையில் ஒருநாள் வந்தவர் கிளம்பாமல் நின்றார்.

“சார், எங்க முப்பாட்டன் செத்த திதிய மட்டும் கண்டுபுடிச்சுக் குடுங்க. வைகாசில புள்ளைக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம், வூட்டு வாசல்லயே பந்தல். அவரு செத்த நாள்லயே போயி தாலி கட்டிட்டா என்னங்க பண்றது?”

“கிடைக்கலைன்னா?”

“அப்பறம் மாத்திரைய அரூர்ல வாங்கிக்கறேன்.”

சிரித்தார், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. ஒரே மகள்.

தருமபுரியில் ஒரு பழைய நூலகம் இருக்கிறது, பெயர் வேண்டாம். அதன் பின்னறையில் நாட்டுப்பாடல் சேகரித்த ஒரு கல்லூரி ஆசிரியரின் ஒலிநாடாக்கள் தனித் தொகுப்பாக இருக்கின்றன. வெளியே கொண்டுபோக முடியாது, பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். அட்டவணையில் ‘மாரப்பன் ஒப்பாரி’ என்று ஒரு நாடாவைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாட மாட்டார்கள், அபசகுனம். அதனால் அந்த ஆசிரியர் நிஜமான இழவு வீடுகளில் போய் உட்கார்ந்துதான் பதிவு செய்திருக்கிறார், பழைய சாவுகளுக்குக் கட்டிய பாட்டுகளையும் அங்கேதான் பாடுவார்கள்.

நூலகர் ஷமீம் நாடாவையும் டேப் ரெக்கார்டரையும் ஹெட்ஃபோனையும் கொண்டுவந்து வைத்தார். “இந்த நாடாவ மட்டும் நான் போட்டுப் பாத்ததே இல்லீங்ணா. சாவு வூட்டுச் சத்தம், கேட்டா சோறு எறங்காது” என்று சொல்லிவிட்டு முன்னறைக்குப் போனார்.

முதலில் கோழிச் சத்தம், பறை, விசும்பல். பிறகு ஒரு பெண் குரல் தனியாக எழுந்தது. முதல் வரி எனக்குப் பிடிபடவில்லை, கேட்டபடியே பென்சிலால் எழுதிவிட்டு மேலே போனேன். அடுத்து வந்தது தெளிவாக இருந்தது:

வைகாசித் தேய்பிறையில்
வந்த வெள்ளிப் பஞ்சமியில்
வாசல் பொளந்ததம்மா.

மாதம், பட்சம், கிழமை, திதி. இத்தனை வருடத் தேடலில் இப்படி ஒன்று கைக்கு வந்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வாசலில் ஷமீம் நிற்கிறார் என்ற நினைப்பில், வழக்கம்போல “போயிட்டு வரேங்க” என்றேன்.

நம்பினால் நம்புங்கள், மேசையில் கிடந்த ஹெட்ஃபோனுக்குள்ளிருந்து பதில் வந்தது. அதே குரல், ஆனால் பாட்டாக இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் கடிந்துகொள்வது போல.

“சாவு வூட்டுல சொல்லிக்கிட்டா போவாங்க? எந்திரிச்சு பேசாம போங்க.”

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ‘வரேன்’ என்றால் அந்த வீட்டுக்கு மறுபடியும் துக்கத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். நான் உட்கார்ந்தபடியே ஹெட்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷமீம் டீயோடு வந்தார்.

“என்னங்ணா, இப்படி வேத்துக் கொட்டுது, சன்னலத் தொறந்துக்கக் கூடாதுங்களா? கரண்டு போயி அர மணி நேரம் ஆவுது.”

அண்ணாந்து பார்த்தேன், மின்விசிறி நின்றிருந்தது. டேப்பைத் திருப்பிப் பார்த்தேன், அதில் பேட்டரி போடும் இடம் காலியாக இருந்தது. நாடா முழுவதும் இன்னும் இடது பக்கத்துச் சக்கரத்திலேயே இருந்தது, ஓடவே இல்லை.

கரண்டு வந்தபின் இருவரும் சேர்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டோம். ஒப்பாரி இருந்தது. குழியும் பசியும் மாரப்பனும் இருந்தார்கள். பாடியது வேறு குரல். தேதி எங்கேயும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடையில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய மருந்தை இன்னொருவரிடம் நீட்டினேன். இரண்டாவது ஆள் கேட்காததை நான் எழுத மாட்டேன், அது என் விதி. ஆனால் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் வைகாசித் தாளைத் தூக்கிப் பார்த்தேன். தேய்பிறைப் பஞ்சமி வெள்ளிக்கிழமை. கோவிந்தனுக்கு ஃபோன் செய்து கல்யாணம் என்றைக்கு என்று கேட்டேன்.

“வைகாசித் தேய்பிறைப் பஞ்சமிங்க, வெள்ளிக்கிழம. ஏன் சார்?”

சொன்னேன்.

“பத்திரிகை குடுத்தாச்சு, மாப்ள வூட்டுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? எங்க எழுதியிருக்குதுன்னு காட்டுங்க.”

“காட்ட முடியாதுங்க. காதால கேட்டேன், அவ்வளவுதான்.”

டிராக்டரை நிறுத்தினார். “மருந்துக் கடைக்காரரு தேதி தப்பாச் சொன்னா ஆளு பொழைக்குமா? மாத்திக்கறேன் போங்க” என்று வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் ஏச்சு வாங்கி, கல்யாணத்தை அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளி, மொரப்பூரில் ஒரு மண்டபத்துக்கு மாற்றினார்.

அந்த வெள்ளிக்கு முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில், முதலில் குறித்திருந்த முகூர்த்த நேரம் கடந்து சிறிது நேரத்தில் கோவிந்தன் ஃபோன் செய்தார். குரல் மெல்ல வந்தது.

“சார், குழி கெடச்சிருச்சுங்க.”

மணவறை போடுவதாக இருந்த இடத்தில் அவர் வீட்டு வாசல் உள்ளே இறங்கியிருந்தது. போய்ப் பார்த்தேன், ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். முப்பாட்டன் காப்பாற்றிவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், அந்தத் திதியிலேயே இனி அவருக்குப் படையல் என்று முடிவு செய்தார்கள். நான் நூலில் அதைச் சேர்க்கவில்லை. பஞ்சம் இருந்திருக்கக்கூடிய எல்லா வருடங்களின் பஞ்சாங்கத்தையும் பார்த்துவிட்டேன், ஒன்றில்கூட வைகாசித் தேய்பிறைப் பஞ்சமி வெள்ளியில் விழவில்லை. இந்த வருடம்தான் விழுந்திருக்கிறது.

கோவிந்தனிடம் தேதியை மட்டும்தான் சொன்னேன். பிடிபடவில்லை என்று நான் தாண்டிப் போன அந்த முதல் வரி, என் பென்சில் எழுத்தில் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘பூசின மஞ்சள் காயலியே மகளே.’ மாரப்பனை யாரும் மகளே என்று அழைத்திருக்க மாட்டார்கள்.