ஆறடி போதும் என்றேன்

ஆறடி போதும் என்று சொன்னவன் நான்தான். தங்கப்பாண்டி தப்பாகக் கேட்கவில்லை.

இதை எழுத எனக்கு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதுவும் உங்களிடம்... முகம் தெரியாத உங்களிடம்!

போடிநாயக்கனூருக்கு வந்திருந்தால் ஆற்றில் மிதக்கும் அந்தத் தீவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தடுப்பணையில் தேங்கிய நீரின் நடுவே புல்தரை, பூச்செடிகள், உட்கார இருக்கைகள், கரையிலிருந்து நடந்து போக ஓர் இரும்புப் பாலம். அது தானாக உண்டான தீவல்ல. காற்றடைத்த மிதவைப் பெட்டிகளின் மேல் இரும்புச் சட்டம் போட்டு, மண் நிரப்பி, நாங்கள் செய்தது. கல்யாண ஜோடிகள் படமெடுக்க வருகிறார்கள். ஊருக்கே அடையாளம் என்கிறார்கள்.

இப்போது மிதப்பது இரண்டாவது தீவு. முதல் தீவு ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்கவில்லை.

நான் அந்த வேலையின் மேற்பார்வையாளன். தங்கப்பாண்டி கொத்தனார். இருவருக்கும் ஊர் ராசிங்காபுரம். அவர் எனக்கு மாமன் முறை. வேலைக்கு அழைத்து வந்ததும் நான்தான். அவருக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. நான் வாயால் சொல்வதுதான் அவருக்கு வரைபடம்.

தீவை நான்கு இரும்பு வடங்கள் பிடித்திருந்தன. ஒவ்வொரு வடத்தின் முனையையும் கரையில் குழி தோண்டி கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். குழியின் ஆழம் ஒன்பதடி. நான்காவது குழியில் ஆறடியிலேயே ஒரு பெரிய உருண்டைக் கல் குறுக்கே நின்றது. அதை உடைத்தெடுக்க இரண்டு நாளாகும். திறப்பு விழாவுக்கோ நாள் குறித்தாகிவிட்டது.

தங்கப்பாண்டி குழிக்குள் நின்று அண்ணாந்து கேட்டார்: "மாப்ளே, கல்லு கெடக்கு. ஒடைச்சு எடுக்கணுமா, இம்புட்டுப் போதுமா?"

வரைபடம் என் கையில்தான் இருந்தது.

"ஆறடி போதும் மாமா. வெரசாக் கம்பியைக் கட்டுங்க."

எனக்குத் தெரியாதா? தெரியும்! கல்லின்மேல் உட்கார்ந்தால் இன்னும் பலம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மண்ணுக்குள் கிடக்கும் உருண்டைக் கல் புரளக்கூடியது என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

விழா நன்றாக நடந்தது. தீவின் செடிகளைப் பார்த்துக்கொள்ள செல்வி என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தாள். அதுவரை தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறித்து வந்தவள். கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பயந்து, கீழேயே ஒரு வேலை கிடைத்ததே என்று வந்தாள்.

ஐப்பசியில் போடிமெட்டுப் பக்கம் இரண்டு நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை ஊருக்குள் நல்ல வெயில். ஆறு மட்டும் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டே வந்தது. பூந்தொட்டிகளைக் கரை சேர்க்கலாம் என்று செல்வி பாலத்தில் போனாள். அந்த நேரம் பார்த்து நான்காவது வடம் கான்கிரீட்டோடு பிடுங்கிக்கொண்டது. தீவு திரும்பிப் பாலத்தில் மோதியது. பிடித்திருந்த கைப்பிடிக்கும் தீவின் சட்டத்துக்கும் நடுவே அவளுடைய வலது கை...

உயிர் பிழைத்தாள். மூன்று விரல்கள் போயின.

மறுவாரம் விசாரணை. அதிகாரிகள் ஆற்றங்கரையிலேயே மேசை போட்டு உட்கார்ந்தார்கள். குழியை அளந்தார்கள். ஒன்பதடி ஏன் ஆறடியானது என்று கேட்டார்கள்.

"நான் ஒன்பதடின்னுதான் சொன்னேன் சார்," என்றேன்.

தங்கப்பாண்டி என் பக்கத்தில்தான் நின்றார். கத்துவார், என் சட்டையைப் பிடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்தார்.

"மாப்ளே சொன்னாச் சரியாத்தேன் இருக்கும். தண்ணி எறைக்கிற மோட்டார் ஓடுச்சு. அந்தச் சத்தத்துல நாந்தேன் தப்பாக் கேட்டுட்டேன் போல," என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் ஒருவேளை நான் உடைந்திருப்பேன். அவர் என்னை நம்பினார்! தன் காதைவிட என்னை நம்பினார். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு வேலை போனது. ஊரில் வேறு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. செல்வியின் வீட்டுக்குப் போய்க் கைகூப்பி நின்றிருக்கிறார். அவளுடைய அண்ணன் வாசலிலேயே பிடித்துத் தள்ளிவிட்டானாம். அதன் பிறகு மலைக்கு மேலே ஏதோ எஸ்டேட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். இரண்டாவது தீவை நானே நின்று கட்டினேன். நான்கு குழிகளையும் நானே இறங்கி அளந்தேன். எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

போன மாதம் ஒரு வேலையாகப் போடிமெட்டுக்குப் போனேன். டீக்கடையில் நின்றபோது, தொழிலாளர்களை ஏற்றி வந்த ஜீப்பிலிருந்து அவர் இறங்கினார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

"மாப்ளே! நல்லா இருக்கியா?"

டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"ஒம் பேரையும் கெடுத்து, அந்தப் பிள்ள கையையும் கெடுத்துட்டேன். இப்பல்லாம் யாரு என்ன சொன்னாலும் ரெண்டு தடவ கேட்டுக்கிறேன். காது மந்தமோன்னு தேனிக்குப் போயி டாக்டர்ட்டயும் காட்டினேன் மாப்ளே. காது நல்லாத்தேன் இருக்குன்னுட்டாரு. பின்ன எப்படின்னுதேன் வெளங்கல..."

சுற்றிலும் எங்களைத் தெரிந்தவர் எவருமில்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான்! ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயமா? இல்லை... என்னை அப்படி நம்பும் ஒரே மனிதரையும் இழந்துவிடுவேன் என்ற பயமா?

"பழச விடுங்க மாமா. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல," என்றேன்.

கேட்டீர்களா... நான் அவரை மன்னித்தேன்!

அவர் கண் கலங்கிவிட்டது. என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஜீப்காரன் ஹாரன் அடித்தான். அவர் போய் ஏறிக்கொண்டார். ஜீப் வளைவில் திரும்பும்வரை எனக்குக் கையசைத்துக்கொண்டே போனார்.